தட்டாத பென்சில்

நன்றி சொல்வதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பஸ்ஸை விட்டு இறங்கும்போது டிரைவருக்கு நன்றி, அலுவலகக் கதவைத் திறந்துவிடும் காவலாளிக்கு நன்றி, மாடிக்கு ஏற்றிவிட்ட லிஃப்டுக்குக்கூட வாய்க்குள் ஒரு நன்றி. "லிஃப்டுக்கு எதுக்கும்மா?" என்று கணவர் கேலி செய்வார். "நடுவழியில நிக்காம கொண்டுவந்து விட்டுச்சே, அதுக்குத்தான்" என்பாள். இப்படி வாரி வழங்கியவள் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் கிள்ளிக்கூடக் கொடுக்கவில்லை. மூட்டை மூட்டையாகக் கொடுக்க வேண்டியிருந்ததே அந்த ஆளுக்குத்தான் என்பது பிறகு தெரிந்த சங்கதி.

அந்த ஆளுக்கு அலுவலகம் வைத்த பெயர் கமா. ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருள் எழுதும் அகராதி அலுவலகம் அது. பக்கத்தில் ஒரு கமா இடம் மாறி உட்கார்ந்திருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. யாரோ ஆசையாகக் கொடுத்த கல்யாணப் பத்திரிகையில், மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் கமா விட்டுப்போயிருக்கிறது என்று சிவப்பு மையால் போட்டு, கொடுத்தவரிடமே திருப்பி நீட்டிய மகானுபாவர். அவருக்கும் அவளுக்கும் ஒரே மேசை, எதிரெதிர் நாற்காலி. அவளைவிடச் சில வயது இளையவர் என்பதால் அவர் அவளை அக்கா என்பார், அவள் அவரைத் தம்பி என்பாள்.

அந்த மேசையில் வேலை நடக்கும் விதத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அச்சகத்திலிருந்து மாதிரித் தாள் வந்ததும் ஒருவர் அதை வாய்விட்டுப் படிப்பார். மற்றவர் கையெழுத்து மூலத்தை முன்னால் வைத்துக்கொண்டு, கையில் பென்சிலோடு கேட்பார். ஒவ்வொரு பொருளும் முடிந்ததும் கேட்பவர் "சரி" என்பார். மூலத்தில் இருப்பது ஒன்று, காதில் விழுவது வேறொன்று என்றால் பென்சிலால் மேசையில் ஒரு தட்டு. உடனே படிப்பவர் நின்றுவிட வேண்டும். கமா, அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் வாயால் சொல்லித்தான் படிப்பார்கள். வெளியாள் யாராவது கதவருகில் நின்று கேட்டால், உள்ளே இருக்கிற இரண்டு பேருக்கும் மந்திரிக்க ஏற்பாடு செய்துவிடுவார். அவளுக்கு வீட்டிலும் அந்தப் பழக்கம் தொற்றிவிட்டது. "காப்பி வேணுமா கேள்விக்குறி" என்று ஒரு காலையில் கேட்டுவிட்டு அவளே சிரித்தாள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பொருளுக்குக் கீழே போடுகிற எடுத்துக்காட்டு வாக்கியத்தை யாரும் உட்கார்ந்து கற்பனையாகச் செய்யக் கூடாது. அலுவலகத்தின் தலைமை ஆசிரியரை எல்லாரும் பெரிய மேடம் என்பார்கள். இது அவர் போட்ட சட்டம். நிஜமாகக் காதில் விழுந்ததை, நிஜமாக நடந்ததைத்தான் எழுத வேண்டும். அதனால் அந்த அகராதிக்குள் அவர்கள் எல்லாருமே குடியிருந்தார்கள். காவலாளியின் முழங்கால் வலி ஒரு சொல்லுக்குக் கீழே இருந்தது, அவள் கணவரின் தும்மல் இன்னொன்றுக்குக் கீழே. எழுதிய வாக்கியங்கள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். பிள்ளைகளின் பிறந்தநாள் மறந்துபோகும், இது மறக்காது.

இனி கண் விஷயத்துக்கு வருவோம்.

சென்ற மழைக்காலத்தில் ஒருநாள், படித்துக்கொண்டிருந்த வரியின் நடுவில் ஈரம் பட்டதுபோல ஓர் எழுத்து கலைந்தது. துடைத்துப் பார்த்தாள். தாள் சுத்தமாகத்தான் இருந்தது. மறுவாரம் இரண்டு மூன்று எழுத்துகள் கலைந்தன. யாரிடமும் சொல்லாமல் கண் டாக்டரிடம் போனாள். "விழித்திரையோட நடுப்பகுதி தேஞ்சுட்டு வருதும்மா. ஊசி போட்டா வேகம் குறையும். ஓரப் பார்வை இருக்கும், நடமாட்டத்துக்குப் பயமில்ல. ஆனா பொடி எழுத்து இனி கஷ்டம்" என்றார் அவர். அவள் அவருக்கும் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். ஊசிக்குத் தேதி கேட்கவில்லை. தேதி கேட்டால் விடுப்புக் கேட்க வேண்டும், விடுப்புக் கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். பொடி எழுத்துப் படிக்க முடியாத அகராதிக்காரியை எந்த அலுவலகம் வைத்துக்கொள்ளும்?

முதல் தொகுதி அச்சுக்குப் போகவிருந்த நேரம் அது. ஏயிலிருந்து சி வரைக்கும் அவள் கை படாத பக்கம் இல்லை. புத்தகமாகி வரும் நாளில் தான் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆகவே மறைத்தாள். மாதிரித் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, தன் ஞாபகத்தில் இருந்ததை ஒப்பித்தாள். குரலில் தடுமாற்றமே இல்லை. பெரிய சாமர்த்தியம் என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் கமா தன் கைவரிசையைக் காட்ட ஆரம்பித்தார். "நானே படிக்கறேன் அக்கா. சும்மா உக்காந்து கேட்டா எனக்குத் தூக்கம் வருது" என்றார் முதலில். மறுநாள், "படிக்காம விட்டா தொண்டை காஞ்சுபோகுது" என்றார். அதற்குப் பிறகு காரணம் சொல்வதையே விட்டுவிட்டார். வந்ததும் மாதிரித் தாளை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். அவள் நெடுங்காலமாக உட்கார்ந்திருந்த ஜன்னலோர நாற்காலியையும் ஒரு காலையில் பிடித்துக்கொண்டார். "இங்க காத்து வருது" என்று ஒரு சால்ஜாப்பு. சாயங்காலமானால் பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தார், அவர் வீடு எதிர்த்திசையில் இருந்தும். அங்கே நின்றுகொண்டு வருகிற பஸ்ஸின் எண்ணையெல்லாம் சின்னப் பிள்ளை மாதிரி உரக்கப் படித்தார். "இருபத்தேழு வருது. பின்னாலயே பதினாலு." பக்கத்தில் நிற்பவர்கள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

அவளுக்குப் புரிந்துவிட்டது, அதாவது புரிந்துவிட்டதாக நினைத்தாள். முதல் தொகுதி முடிந்ததும் துணை ஆசிரியர் நாற்காலி காலியாகப் போகிறது. கமா அதற்குத்தான் அடி போடுகிறார். படிக்கிற வேலையைப் பிடுங்கினால் குரல் அவருடையதாகிவிடும், ஜன்னலைப் பிடுங்கினால் இடம் அவருடையதாகிவிடும். பஸ் நிறுத்தம் வரை வருவது வேவு பார்க்க. கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்துகொண்டு என்ன காரியம் செய்கிறான் பார் என்று மனசுக்குள் கருவினாள். அன்றிலிருந்து தம்பி என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு சார் என்று கூப்பிட்டாள். அவர் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் அதற்கும் பழகிக்கொண்டார்.

கன்னிங் என்ற சொல் அவள் மேசைக்கு வந்தது அந்த வாரத்தில்தான். தந்திரம், சூது, கள்ளத்தனம் என்று தமிழில் எழுதச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பிறப்பைத் தேடிப் போனபோது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அந்தச் சொல் நல்ல குடும்பத்தில் பிறந்தது. தெரியும் என்பதைச் சொல்லும் 'நோ', முடியும் என்பதைச் சொல்லும் 'கேன்', இந்த 'கன்னிங்' எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். சில நூற்றாண்டுகளுக்கு முன்னால் ஒருவரைக் கன்னிங் என்று சொன்னால் விஷயம் தெரிந்தவர், கைதேர்ந்தவர் என்று அர்த்தம். பாராட்டிச் சொல்வது. போகப்போக, அதிகம் தெரிந்தவன் மேல் ஊருக்கு வருகிற சந்தேகம் அந்தச் சொல்லின் மேலும் படிந்துவிட்டது. "நம்ம சூழ்ச்சியும் அப்படித்தான். ஒரு காலத்துல வெறும் ஆலோசனைன்னுதான் அர்த்தம். பாவம், கெட்ட பேர் வாங்கிடுச்சு" என்றார் பெரிய மேடம்.

அதையெல்லாம் பிறப்பு வரியில் சுருக்கமாக எழுதிவிட்டு, கெட்ட பொருளுக்குக் கீழே அவள் எடுத்துக்காட்டு வாக்கியம் எழுதினாள். காதில் விழுந்ததைத்தானே எழுத வேண்டும்? எழுதினாள்: தொண்டை காய்ந்துபோகும், நானே படிக்கிறேன் என்று சொல்லியே அவளுடைய இடத்தைப் பிடித்துக்கொண்டான்; பெரிய கைகாரன்.

மாதிரித் தாள் வந்தபோது அதைப் படித்தவர் வேறு யார், கமாவேதான். தொண்டை என்ற இடத்தில் கொஞ்சம் நின்றார். பிறகு கமாவைச் சொன்னார், அரைப்புள்ளியைச் சொன்னார், முற்றுப்புள்ளியையும் சொன்னார். "நல்ல வாக்கியம் அக்கா. அரைப்புள்ளி சரியான எடத்துல விழுந்திருக்கு" என்றார். அவர் முகம் எப்படி இருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. நேரே பார்த்தால் முகத்தின் நடுப்பகுதிதான் கலைந்துவிடுகிறதே. உறைத்திருக்கும் என்று மட்டும் திருப்திப்பட்டுக்கொண்டாள்.

அச்சுக்கு அனுப்புமுன் மேற்பார்வைக் குழுவிலிருந்து ஒரு பேராசிரியர் வருவார், ஜோடி ஜோடியாகக் கூப்பிட்டு ஒரு பக்கம் படிக்கச் சொல்வார் என்று பெரிய மேடம் அறிவித்தார். பக்கத்தை அவரே எடுப்பார். பாதியை ஒருவர் படிக்க வேண்டும், மீதியை மற்றவர். கடைசிக் கட்டுப் பக்கங்களின் பழைய மாதிரியை வீட்டுக்குக் கொண்டுபோய், பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, வரிக்கு வரி உருப்போட்டாள். கணவர் எதிரே உட்கார்ந்து செய்தித்தாளை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். சில மாதங்களாகத்தான் இந்தப் புதுப் பழக்கம். தலைப்பு, செய்தி, வரி விளம்பரம் ஒன்றையும் விட மாட்டார். "மனசுக்குள்ள படிச்சா ஆகாதா?" என்று எரிந்து விழுந்தாள். "நாள் பூரா எஞ்சின் சத்தத்துல இருந்தவன்மா. வீட்டுல அமைதியா இருந்தா பயமா இருக்கு" என்றார் அவர்.

பரீட்சை நாள் காலையில் கமா அவளுக்காக வாசலிலேயே காத்திருந்தார். "அக்கா, ஒரு நிமிஷம். அந்த கன்னிங் பக்கத்துல நேத்து நீங்க போனதுக்கப்புறம் மேடம்..." என்று ஆரம்பித்தார்.

"எதுவா இருந்தாலும் உள்ள பேசிக்கலாம் சார்."

"இல்ல, இன்னிக்கு முழுசையும் நானே படிச்சிடறேனேன்னு..."

"எனக்கும் வாய் இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு அவள் விறுவிறுவென்று நடந்தாள். அன்றைக்கு லிஃப்டுக்கு நன்றி சொல்ல மறந்துபோனாள்.

பேராசிரியர் சிரிப்பைக் கடன் கேட்டாலும் கொடுக்காத ரகம். மேசைத் தலைமாட்டில் பெரிய மேடத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, தாள் கட்டைப் புரட்டி ஒரு பக்கத்தை உருவினார். அதில் ஒரு படி படிப்பவருக்கு, ஒன்று தனக்கு. கேட்பவருக்கு மூலம். கமா படிக்க ஆரம்பித்ததும் அவளுக்கு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டது. கல்டிவேட், கல்ச்சர், அதற்குப் பிறகு கன்னிங். எல்லாம் நெட்டுரு. அவளுக்கு மூச்சு வந்தது.

கல்ச்சருக்குக் கீழே ஓரிடத்தில் அவள் பென்சிலால் தட்டினாள். "அங்க ஒரு 'இல்' விட்டுப்போயிருக்கு. 'வீட்டில் வளர்ந்த'ன்னு இருக்கணும், 'வீட்டு வளர்ந்த'ன்னு இருக்கு" என்றாள். கமா தாளைப் பார்த்தார். பேராசிரியரும் தன் தாளைப் பார்த்தார். அவர் கண் அந்த இடத்தைத் தாண்டிப்போய் வெகுநேரமாகியிருந்தது. குறித்துக்கொண்டார்.

பாதிப் பக்கம் வந்தது. கமா நிறுத்தவில்லை, ஓடிக்கொண்டே இருந்தார். "போதும். இனி அவங்க படிக்கட்டும்" என்றார் பேராசிரியர்.

"அவங்களுக்கு இன்னிக்குச் சளி சார். நானே..."

"எனக்குச் சளியெல்லாம் ஒண்ணும் இல்ல" என்று அவள் கையை நீட்டி அவரிடமிருந்து தாளை வாங்கிக்கொண்டாள். பிடுங்கினாள் என்றே சொல்லலாம். மூலத்தையும் பென்சிலையும் அவர் பக்கம் தள்ளினாள். தாளை முகத்துக்கு நேரே பிடித்தாள். நடுவில் கறை, ஓரத்தில் வெள்ளை. பரவாயில்லை, எழுத்துகள் எல்லாம் தலைக்குள் இருந்தன.

"கன்னிங். பெயரடை. ஒன்று. தந்திரமான கமா சூதான முற்றுப்புள்ளி."

எதிரில் மூலத்தாள் சரசரத்தது. பிறகு "சரி" என்றார் கமா.

"எடுத்துக்காட்டு. தொண்டை காய்ந்துபோகும் கமா நானே படிக்கிறேன் என்று சொல்லியே அவளுடைய இடத்தைப் பிடித்துக்கொண்டான் அரைப்புள்ளி பெரிய கைகாரன் முற்றுப்புள்ளி."

"சரி."

"இரண்டு. பழைய வழக்கு. அறிவு மிக்க கமா கைதேர்ந்த முற்றுப்புள்ளி."

"சரி."

பேராசிரியரின் நாற்காலி கிறீச்சிட்டது. "நிறுத்துங்க. என்ன நடக்குது இங்க? என் தாள்ல பழைய வழக்குதான் முதல்ல இருக்கு. எடுத்துக்காட்டுல நரி இருக்கு. இவங்க வாயில யாரோ கைகாரன் வர்றான். கேக்கற நீங்க பாட்டுக்குச் சரி சரின்னு சொல்லிட்டிருக்கீங்க. பென்சில் எதுக்கு, காது குடையவா?"

கமா எழுந்து நின்றார். நாற்காலி பின்னால் நகரும் சத்தம் அவளுக்குக் கேட்டது. "என் தப்புதான் சார். கவனிக்கல" என்றார்.

"மூலத்துலயே மேடம் சிவப்புல மாத்தி எழுதியிருக்காங்க. அது உங்க மூக்குக்குக் கீழ இருக்கு. கவனிக்கலையா? இவரை நம்பியா மேடம் அச்சுக்கு அனுப்பறீங்க? முதல்ல ஆளை மாத்துங்க."

அவள் தாளைக் கீழே வைத்தாள். கமா கவனிக்கவில்லை என்பதை அந்தக் கட்டடத்தில் லிஃப்ட்கூட நம்பாது. கல்யாணப் பத்திரிகையில் கமாவைத் தேடுகிற மனிதர், ஒரு வாக்கியமே மாறிப்போனதைக் கோட்டைவிட்டார் என்றால் யார் நம்புவது? அதுவும் அவரையே கைகாரன் என்று திட்டுகிற வாக்கியம். இல்லாத வாக்கியத்தை அவள் நாலு பேர் முன்னால் படித்தாள், அவர் சரி என்றார். அப்படியானால் அவருக்குத் தெரியும். இன்றைக்குத் தெரிந்ததல்ல. அவளுக்குத் தொண்டை, தூக்கம், ஜன்னல், பஸ் எண் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. ஜன்னல் வெளிச்சம் அவள் கண்ணைக் கூசச் செய்தது, அவள் கையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இருபத்தேழு என்ற எண் இப்போதெல்லாம் அவளுக்குத் தெரிவதே இல்லை, அவர் சொல்லித்தான் ஏறிக்கொண்டிருந்தாள். வேவு பார்க்கிறான் என்றல்லவா நினைத்தாள்.

இன்னும் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அவள் வேலை பிழைக்கும், அவர் வேலை போகும். அவள் எழுந்தாள்.

"அவர் மேல தப்பில்லீங்க. நான் படிக்கல, ஒப்பிச்சேன். எனக்குப் பொடி எழுத்து தெரியல. மழைக்காலத்துலயிருந்தே தெரியல. வேலை போயிடும்னு யார்கிட்டயும் சொல்லல. என்னைக் காப்பாத்தத்தான் அவர் சரின்னார்."

பெரிய மேடம் எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "மேல் பாதியில ஒரு எழுத்து விட்டுப்போச்சுன்னு தட்டினீங்களே. அது எப்படி?" என்றார்.

"அது நான் எழுதினது சார். தப்பா விழுந்தா காதுல குத்தும்."

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. நான் பாக்கலையே" என்று முணுமுணுத்தார் அவர். ஆளை மாற்றும் பேச்சை அவர் திரும்ப எடுக்கவில்லை. பெரிய மேடம்தான் பேசினார். "எழுதறது, கேக்கறது உங்க வேலை. படிக்கறது அவர் வேலை. இத்தனை மாசமா அப்படித்தானே நடக்குது, பக்கமும் நல்லாத்தானே வருது? நடக்கறத நடக்க விடுங்க. ஆனா நாளைக்கே டாக்டர்கிட்ட போகணும். விடுப்புக்குக் காரணம் சொல்ல வேண்டாம், எனக்குக் காரணம் தெரியும்."

அன்று சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் இருவரும் நின்றார்கள். அவர் எண் எதையும் படிக்காமல் கூச்சத்தோடு நின்றார்.

"எப்பத் தெரிஞ்சது?" என்றாள்.

"கேமராங்கற சொல் வந்த பக்கத்துல. நீங்க படிச்சு முடிச்சப்புறம் தாளை அனுப்பறதுக்கு முன்னாடி நான் எப்பவும் ஒரு தடவ பாப்பேன். அதுல ஒரு வரியில ரெண்டு எழுத்து இடம் மாறி விழுந்திருந்தது. நீங்க அந்த வரியை ஒரு பிசிறு இல்லாம சரியாப் படிச்சிருந்தீங்க. தப்பா அச்சானதை அவ்வளவு சரியா யாரும் படிக்க முடியாது அக்கா, கண்ணால பாத்தா."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீங்க வேலைய விட்டுப் போயிடுவீங்க. உங்க வீட்டுக்காரரும் அதத்தான் சொன்னார்."

"அவருக்கு எப்படித் தெரியும்?" என்று அவள் திகைத்தாள்.

"குடையைக் குடுக்க வந்தேனே ஒருநாள், அப்ப வாசல்ல நின்னு பேசிக்கிட்டோம்" என்றவர், உடனே, "இருபத்தேழு வருது" என்றார் நிம்மதியோடு.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் கேட்டாள். அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். "டிரைவர்களுக்கு அடிக்கடி கண் பரிசோதனை வைப்பாங்க. கண்ணு மங்கினவன் என்ன செய்வான் தெரியுமா? சுவத்துல தொங்கற எழுத்துப் பலகைய முந்தின நாளே மனப்பாடம் பண்ணிட்டு வந்து ஒப்பிப்பான். தலைய ஒரு பக்கமாச் சாய்ச்சுப் பாப்பான். அந்தச் சாய்ப்ப ஆயிரம் பேர்கிட்ட பாத்தவன் நான். நீ என் முகத்தையே அப்படிச் சாய்ஞ்சு பாத்தா எனக்குத் தெரியாதா?"

"அப்போ பேப்பரைச் சத்தமாப் படிச்சது?"

"வேற எதுக்கு? எஞ்சின் சத்தம் ஞாபகம் வருதுன்னா?"

அவளுக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. இரண்டையும் தள்ளிக்கொண்டு நன்றிதான் முன்னால் வந்து நின்றது. இரண்டு பேரும் சேர்ந்து இத்தனை மாதம் தன்னை முட்டாளாக்கியிருக்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்தாள். சொல்லும்போதே மனசு குளிர்ந்தது. தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் நன்றி சொன்னவளுக்கு, அன்றைக்குத் தன் கணவரைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்ல வாய் வரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு ஊசி போட நீங்களும் வாங்க" என்றாள். "பஸ்ஸுல போலாம். ஓட்டறவன் தப்பா ஓட்டினா நான் கண்டுபிடிச்சுடுவேன்" என்றார் அவர்.

ஊசி போட்டுவிட்டு அவள் திரும்ப வேலைக்கு வந்த காலையில் கன்னிங் பக்கம் இன்னும் மேசையில் இருந்தது. எடுத்துக்காட்டு வாக்கியத்துக்கு மட்டும் காத்திருக்கிறது என்றார் கமா. "நரி தந்திரமான விலங்குன்னு மேடமே சொந்தமாச் செஞ்சு போட்டுட்டாங்க. அவங்க சட்டத்தை அவங்களே மீறிட்டாங்க. உங்க வாக்கியத்தை எடுத்தப்ப வேண்டாம், இருக்கட்டும்னு சொன்னேன். கேக்கல."

"எதுக்கு இருக்கணும்?"

"நல்ல வாக்கியம் அக்கா அது. நிஜமா நடந்ததுதானே."

"நரியை எடுத்துடுங்க. நான் சொல்றேன், எழுதிக்கங்க தம்பி" என்றாள்.

தம்பி என்ற வார்த்தையைக் கேட்டதும் அவர் பேனாவைத் தேடினார். அது சட்டைப் பையில்தான் இருந்தது. அவள் வாக்கியத்தைச் சொன்னாள். எழுதிக்கொண்டே வந்தவர் கடைசியில், "எந்தப் பொருளுக்குக் கீழ போடறது?" என்று கேட்டார்.

"பழைய வழக்குக்குக் கீழ. விஷயம் தெரிஞ்சவருக்குக் கீழ."

அவர் எழுதி முடித்தார். எழுதியதைச் சரிபார்க்காமல் அந்த மேசையிலிருந்து எதுவும் போகக் கூடாது. அவள் பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டு கண்ணை மூடினாள். கேட்பதற்குக் கண் வேண்டியதில்லை. "படிங்க" என்றாள்.

"நான் தவறாகப் படித்தபோதெல்லாம் கமா" என்று ஆரம்பித்து அவர் நின்றார். தொண்டையைச் செருமினார். இந்தத் தடவை நிஜமாகவே அது காய்ந்துபோயிருந்தது. அவள் அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள். "என் இடம் போய்விடக் கூடாது என்று கமா அவர் சரி என்றார்."

அதோடு அவர் நிறுத்திக்கொண்டார். முற்றுப்புள்ளியைச் சொல்லவில்லை. ஆயுளில் முதல்முறையாக அவர் ஒரு புள்ளியை விட்டுவிட்டுப் போயிருந்தார். அவள் அதைக் கவனித்தாள், பென்சில் அவள் கையில்தான் இருந்தது.

"சரி" என்றாள்.